காக்கா ஆழி பொறுக்க மட்டும்தான் நாங்களா?

பெறுநர்:
ஒன்றியக் கல்வி அமைச்சகத்தில் ஸ்பார்க், ஜியான் திட்டங்களுக்குத் தகுதி விதி எழுதும் அதிகாரிகள்;
தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வடசென்னையில், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்துகிறவள் நான். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்த மடல் உங்கள் மேசைக்கு வரும் முன்பே எங்கள் முதல்வருக்கு விளக்கம் கேட்டு ஓலை போய்விடும். பாவம், அவர் ஏற்கெனவே தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவுக்குக் கோப்பு தயாரித்தே களைத்துப்போனவர்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டாக ஆராயவும், ஆசிரியர்கள் அங்குமிங்கும் போய்வரவும் நீங்கள் தரும் பணத்தைப் பற்றித்தான் என் முறையீடு. பணம் போதவில்லை என்று சொல்ல வரவில்லை. 2018-ல் ஸ்பார்க் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது 418 கோடி ரூபாய்க்கு. அதில் 600 கூட்டாய்வுகள் என்று இலக்கு வைத்தீர்கள். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குச் சுமார் 70 லட்சம். வெளிநாட்டுப் பேராசிரியர் இங்கே வந்து தங்கலாம், நம் மாணவர்கள் அங்கே போய் ஆய்வுக்கூடத்தில் கை பழகலாம், இரு பக்கமும் சேர்ந்து கட்டுரை எழுதலாம். நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என் சண்டையெல்லாம் அதன் வாசற்படியோடுதான்.

தேசியத் தரவரிசையில் ஒட்டுமொத்தமாகவோ தன் பிரிவிலோ முதல் 100 இடத்துக்குள் வரும் நிறுவனம்தான் விண்ணப்பிக்கலாம் என்று விதி. அக்கரையில் இருக்கும் பல்கலைக்கழகம் க்யூஎஸ் உலகப் பட்டியலில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும், அல்லது பாடவாரிப் பட்டியலில் முதல் 200-க்குள். இந்த நாட்டில் கல்லூரிகள் மட்டும் 40,000-க்கு மேல் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டத்துக்கு விதிகள் கொண்டுவந்தபோதும் இதே மாதிரி ஒரு படியைத்தான் வைத்தது: நாக் மதிப்பெண் 3.01 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரவரிசையில் முதல் 100. பெரும்பாலான திட்டங்களின் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரே கேள்வி வருகிறது: உன் எண் என்ன?

சென்னையில் அந்த எண்ணைச் சொல்லக்கூடிய ஆராய்ச்சி நிறுவனங்கள் பெரும்பாலும் கூவத்துக்குத் தெற்கே இருக்கின்றன. மாதவரத்துக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டால் கிண்டி, சேப்பாக்கம், அடையாறு என்றுதான் விரல் போகும். வடக்கே கல்லூரி இல்லாமல் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950-லிருந்து நடக்கிறது. பாரதி மகளிர் கல்லூரி 1964-ல் வந்தது, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி 1973-ல். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் பெண்ணும், காசிமேட்டில் ஏலம் எடுக்கிறவரின் பையனும் பட்டம் வாங்கியது இந்த மாதிரிக் கல்லூரிகளில்தான். ஏழைப் பிள்ளைகளும் பின்தங்கிய சமூகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பதற்குத் தரவரிசைக் கணக்கில் ஏதோ கொஞ்சம் மதிப்பெண் உண்டு. ஊரார் மனத்தில் உங்கள் கல்லூரிக்கு என்ன பெயர் என்பதற்கும் 10 விழுக்காடு உண்டு. கல்வியாளர்களையும் வேலை கொடுப்பவர்களையும் கேட்டு அதைப் போடுகிறார்களாம். ஸ்பார்க் இணையதளத்தை டெல்லியில் தொடங்கிவைத்த அதே 2018 அக்டோபரில்தான் 'வடசென்னை' படமும் திரைக்கு வந்தது. எங்கள் வட்டாரத்தைப் பற்றி வெளியூர்க்காரர் மனத்தில் பதிந்திருப்பது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல படம்தான். ஆனால் அந்த 10 விழுக்காட்டுக்கு நாங்கள் யாரிடம் போய்க் கத்தி இல்லாத வடசென்னையைக் காட்டுவது?

அப்படி என்னதான் உங்களிடம் ஆராய இருக்கிறது என்று கேட்பீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தில் சில ஆண்டுகளாக ஒரு மட்டி மண்டிக்கிடக்கிறது. கறுப்பாக, விரல் நீளத்துக்கு, நார் விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆற்றின் அடிமண்ணில் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். மீனவர்கள் காக்கா ஆழி என்கிறார்கள். எங்கள் பாடப்புத்தகம் மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்று சொல்லும், சொல்கிற புத்தகம் கிடைத்தால். அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகள். கப்பல்கள் பாரத்துக்காக வயிற்றில் நிரப்பிக்கொண்டு வந்து துறைமுகத்தில் கொட்டும் பேலஸ்ட் தண்ணீரோடு இது கண்டம் தாண்டுகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. சிங்கப்பூரில் 2016-லேயே கண்டார்கள். பிலிப்பைன்சிலும் தாய்லாந்திலும் உண்டு. கேரளத்தில் கொச்சி, அஷ்டமுடிக் காயல்களுக்கும் வந்துவிட்டது. எங்கள் பக்கம் எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. தனியாக அழைப்பிதழ் எதற்கு?

இது வந்தபின் என்ன ஆயிற்று? இறால் சேற்றில் புதைந்து வாழும் பிராணி. அடிமண் முழுக்க ஓடு பரவிவிட்டால் அதற்குப் புதைய இடமில்லை. ஊர் மஞ்சள் மட்டி மூச்சுமுட்டிச் செத்துப்போகிறது. கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் போடும் பெண்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர்கள் கையையும் காலையும் இந்த ஓடு கிழிக்கிறது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்விட்டது.

வகுப்பில் மெல்லுடலிகள் நடத்திக்கொண்டிருந்தேன். பச்சை மட்டியின் படத்தைக் காட்டியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "மிஸ், இத்த வுட இப்போ எங்காண்ட வேற ஒண்ணு கீது மிஸ், எங்க ஆயா ஆத்துல எறங்கவே பயப்படுது" என்றாள். மறுநாள் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்தாள். எந்த மாதத்தில் குஞ்சு ஒட்டுகிறது, மழை வெள்ளத்தில் உப்பு குறைந்தால் எங்கே செத்து மிதக்கிறது, எந்த மீன்பிடிப் பாட்டில் முதலில் கண்டார்கள் என்று அவள் அப்பாவும் சித்தப்பாவும் சொன்ன தகவலை வைத்து ஒரு முதுகலை ஆய்வேட்டை எழுதிவிடலாம். எழுதவும் செய்தாள். உப்புத்தன்மை அளக்கும் கருவியை வேறொரு கல்லூரியில் கடன் கேட்டு வாங்கி வந்தோம். மரபணுப் பரிசோதனைக்கு எங்களிடம் வசதி இல்லை, காசும் இல்லை. ஆய்வேடு அதோடு நின்றது.

இதே மட்டியோடு எங்களுக்கு முன்பே மல்லுக்கட்டிய சிங்கப்பூர்க்காரர்களோடு ஓர் எண்ணூர்க் கல்லூரி சேர்ந்து வேலை செய்தால் அது சர்வதேசக் கூட்டாய்வு இல்லையா? பிரச்சினை ஒன்று, இனம் ஒன்று, அது ஏறிவரும் கப்பல்பாதையும் ஏறக்குறைய ஒன்று. க்யூஎஸ் பட்டியலில் முன்வரிசையில் நிற்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே இருக்கின்றன, ஆக உங்கள் விதியின் அந்தப் பாதி பிரச்சினையில்லை. இந்தப் பாதியில்தான் நாங்கள் தடுக்கி விழுகிறோம்.

வெளிநாட்டுக்காரர்கள் எண்ணூருக்கு வருவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே வருகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் இறங்கியது. மீனவர்கள் குவளையால் மொண்டு எடுத்தார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஊரே எழுந்து ஓடியது. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்த கதை அதற்கும் பல காலம் முந்தியது. மாசு, கடலரிப்பு, வாழ்வாதாரம் என்று எதை ஆராய வேண்டுமானாலும் எங்கள் பத்து கிலோமீட்டர் கரையே போதும். ஆகவே கூட்டாய்வுக் குழுக்கள் வருகின்றன. அவர்களின் இந்தியக் கூட்டாளி பட்டியலில் மேலே இருக்கும் ஏதாவதொரு நிறுவனம். காலையில் தெற்கேயிருந்து வண்டியில் வருவார்கள், மாலையில் நெரிசலுக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு குழு ஒருமுறை எங்கள் துறையைத் தொடர்புகொண்டது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எனக்கு நாட்கணக்கில் தூக்கமில்லை, அவ்வளவு சந்தோஷம். என்ன கேட்டார்கள் தெரியுமா? படகு ஏற்பாடு செய்து தர ஆள் வேண்டும். மீனவர் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல நாலு பிள்ளைகள் வேண்டும். வலையில் சிக்கும் மட்டியைப் பொறுக்கி, அளந்து, பையில் போட வேண்டும். தினக்கூலி தருவார்கள், மதியச் சாப்பாடு உண்டு. என் பிள்ளைகள் போனார்கள். எந்த இடத்தில் மாதிரி எடுத்தால் வித்தியாசம் தெரியும் என்று அந்தப் பேராசிரியருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான். வெளிநாட்டுப் பேராசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், சேற்றில் தயங்காமல் இறங்கினார், என் மாணவனிடம் நிறையக் கேள்வி கேட்டார். கட்டுரை வெளியானது. ஆசிரியர் பட்டியலில் கடல் கடந்த பெயர்களும் தெற்குச் சென்னைப் பெயர்களும் இருந்தன. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் உள்ளூர் இளைஞர்களுக்கு ஒரு வரி.

கூலி கொடுத்தார்களே, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் இப்போது கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறான். அவன் பெயர் அந்தக் கட்டுரையில் இருந்திருந்தால் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது அவன் கையில் ஒரு பிடிமானம் இருந்திருக்கும்.

வெளிநாட்டுக் கூட்டு என்பது வடசென்னைக்குப் புதிதல்ல ஐயா. இந்தப் பக்கத்துத் தொழில்களில் பாதி அப்படித்தான் பிறந்தன. எண்ணூரில் அசோக் மோட்டார்சாக 1948-ல் தொடங்கிய கம்பெனி பிரிட்டனின் லேலண்ட் மோட்டார்சோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்சும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்ட் இந்தியா வந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் இயந்திரங்களும் வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி மூடிக்கொண்டது, புல்லட் மட்டும் திருவொற்றியூரிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965-ல் அமைந்தபோது ஒன்றிய அரசோடு பங்கு போட்டவை அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும். புகைபோக்கி நடுவதற்கு வெளிநாட்டுக் கூட்டாளி வந்தபோது யாரும் எங்களைத் தரவரிசை கேட்கவில்லை. இடம் தோதாக இருக்கிறது, துறைமுகம் பக்கம், கற்றுக்கொள்ளும் ஆள் இருக்கிறான் என்று பார்த்தார்கள், வந்தார்கள். அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று படிக்கக் கூட்டாளி கேட்டால் மட்டும் எண் கேட்கிறீர்கள்.

தரம் இருக்கும் இடத்துக்குத்தானே பொதுப்பணம் போக வேண்டும் என்பீர்கள். உங்கள் தரப்பில் இதுவே வலுவான வாதம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் கிண்டியிலேயே இருக்கிறது. 1956-ல் நேரு மேற்கு ஜெர்மனி போனபோது பேச்சு தொடங்கியது, 1959-ல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது, அந்த ஆண்டு ஜூலை 31-ல் சென்னை ஐஐடி திறக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் என்ன இருந்தது? ஜெர்மன் பேராசிரியர்களும் பட்டறை ஃபோர்மேன்களும் இங்கே வந்து வேலை கற்றுக்கொடுப்பது, 20 இந்திய ஆசிரியர்களை ஜெர்மனிக்கு அனுப்பிப் பயிற்சி தருவது, ஆய்வுக்கூடங்களுக்குக் கருவி தருவது. அன்று அந்த நிறுவனத்துக்கு என்ன தரவரிசை இருந்தது? கட்டடமே முழுதாக எழும்பவில்லை. புள்ளிமான் மேயும் காடு இருந்தது, அவ்வளவுதான். பணமும் ஆளும் முதலில் வந்தன, பெயர் பின்னால் வந்தது. 2023-ல் அதே ஐஐடி சான்சிபாரில் தன் வளாகத்தைத் திறந்தது. வாங்கிய கை கொடுக்கும் கையாக மாற அறுபத்துச் சொச்சம் ஆண்டுகள் பிடித்தன. 1959-ல் இன்றைய ஸ்பார்க் விதி இருந்திருந்தால் சென்னை ஐஐடியின் விண்ணப்பம் முதல் பக்கத்திலேயே திரும்பியிருக்கும்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. வெளிநாட்டு மாநாடு என்று போய், கட்டுரை வாசித்தார்களோ இல்லையோ, சிங்கப்பூரின் மெர்லயன் சிலை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் எங்களில் உண்டு. ஆய்வு என்றால் பதவி உயர்வுக்கு வேண்டிய புள்ளிக்கணக்கு என்று மட்டுமே தெரிந்தவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க வழியில்லாமலா போய்விட்டது? திட்டத்தைப் படித்துப் பார்த்து நிராகரியுங்கள். என் கல்லூரியின் எண்ணைப் பார்த்து, திட்டத்தைப் படிக்காமலே நிராகரிக்காதீர்கள் என்கிறேன்.

இப்போது ஜியான். 2015-ல் வந்த திட்டம் அது. வெளிநாட்டுப் பேராசிரியர் இங்கே வந்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ பாடம் நடத்துவார். 12 முதல் 14 மணி நேர வகுப்புக்கு, பயணச் செலவும் மதிப்பூதியமும் சேர்த்து, 8,000 டாலர் வரை என்று வைத்தார்கள். இன்றைய மதிப்பில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். கடல் தாண்டி வருகிறவருக்கு அது அதிகம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பக்கத்திலேயே இன்னொரு கணக்கை வைக்கிறேன். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்குப் பதினோரு மாதம். முனைவர் பட்டம் முடித்து, செட் தேர்வோ நெட் தேர்வோ எழுதித் தேறியவர்கள் அவர்களில் பலர். மானியக் குழு 2019-லேயே வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. அதைக் கேட்டு நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. ஆக, ஒரு ஜியான் வாரத்தின் செலவு எங்கள் கௌரவ விரிவுரையாளர் ஒருவரின் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டுகிறது. அந்த வாரத்தை நடத்தும் பேராசிரியர் ஒரே ஒரு பிற்பகல் வடக்கே வந்து, எங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினால் கூடுதலாக ஆகும் செலவு ஒரு கால்டாக்சி. அதைக்கூடத் திட்டம் கேட்பதில்லை.

ஆசிரியர் பரிமாற்றத்துக்கு வருகிறேன். ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கிறது. 2008 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அரசும் அமெரிக்க அரசும் சமமாகப் பணம் போடுகின்றன. பிரிட்டனோடு 2006-லிருந்து யுகியெரி என்ற கூட்டுத் திட்டம் இருக்கிறது. ஜெர்மனிக்கு டாட் அமைப்பின் உதவித்தொகை இருக்கிறது. இவற்றில் சிலவற்றுக்குத் தரவரிசைப் படி கிடையாது, தனிமனிதராக விண்ணப்பிக்கலாம். அங்கேதான் இரண்டாவது சிக்கல். உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். எங்கள் துறையில் ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகள் பல காலியாகவே கிடக்கின்றன. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களை எடுப்பதாக அறிவித்தது. சொன்ன தேதியில் தேர்வு நடக்கவில்லை, தள்ளிப்போனது. உதவி பெறும் கல்லூரிகளின் கதை வேறு, அதை எழுதத் தனி மடல் வேண்டும். இந்த நிலையில் ஒருத்தி நாலு மாதம் வெளிநாடு போகிறேன் என்றால், அவள் வகுப்புகளை மற்ற மூன்று பேர் சுமக்க வேண்டும். நான் பார்த்தவரை எந்தத் திட்டத்திலும் போகிறவருக்கு விமானச் சீட்டு இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது. அவர் விட்டுச்செல்லும் வகுப்புக்கு மாற்று ஆள் போடப் பணம் இல்லை. தெற்கே பெரிய பல்கலைக்கழகங்களில் ஒருவர் போனால் துறை தாங்கும். இங்கே ஒருவர் போனால் துறையே சாய்ந்துவிடும்.

எனக்கே அப்படி ஓர் அழைப்பு வந்தது, கடல்சார் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து. விடுப்புக்கும் தடையின்மைச் சான்றுக்கும் கோப்பு போட்டேன். கோப்பு ஒரு மேசையில் இருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்குள் அந்தப் பருவம் அங்கே முடிந்தே போயிற்று. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கிருந்த எழுத்தரம்மா ஒருவர், "இப்படி யாருமே கேட்டதில்லையே மேடம், எந்த விதியில போடறதுன்னே தெரியல" என்று உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அழைத்தவர்கள் பண்பாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அடுத்த முறை பார்க்கலாம் என்று.

செயலாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017-ல் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. எனக்கு அதில் பெருமைதான், குறுக்குக் கேள்வி கேட்க மாட்டேன். 2024-ல் நான் முதல்வன் திட்டத்தில் நம் பிள்ளைகள் சிலர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஒரு வாரம் படித்துவிட்டு வந்தார்கள். செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்து என் மாணவிகள் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்த்தது அந்தக் கட்டடங்களை அல்ல, படத்தில் இருந்தவர்கள் தங்களைப் போலவே இருந்ததை. அரசு நினைத்தால் வாசலை வேறு மாதிரியும் வைக்க முடியும் என்று அதிலிருந்து எனக்குத் தெரிகிறது. இனிமேல் எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அரசு பணம் கொடுத்தாலும், அங்கேயிருந்து ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் நம் அரசுக் கல்லூரி ஒன்றிலோ உதவி பெறும் கல்லூரி ஒன்றிலோ ஒரு பருவம் தங்கிப் பாடம் நடத்த வேண்டும், இங்கேயிருந்து ஒருவர் அங்கே போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு சரத்து எழுதுங்கள். கொடுப்பவர் கேட்டால் வாங்குபவர் மறுக்கமாட்டார். மாற்று ஆசிரியருக்கு மாதம் 25,000 என்ற அதே தொகையை இந்தத் தேவைக்கு மட்டுமாவது துறையே தரட்டும். தடையின்மைச் சான்றுக் கோப்புக்கு ஒரு காலக்கெடு வையுங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று எழுதுங்கள். கட்டடத் திட்ட அனுமதியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், மனிதர்களுக்கும் பொருந்தும்.

ஒன்றிய அமைச்சகத்தாரிடம் கேட்பது இன்னும் சிறியது. தரவரிசையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. உங்களால் முடியாது என்று தெரியும். அடுத்த அழைப்பில் தகுதிப் பத்திக்குக் கீழே இப்படி ஒரு வரி சேருங்கள்: "ஆய்வின் களம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்று, அதன் தரவரிசை எதுவாயினும், கூட்டு விண்ணப்பதாரராக இருக்க வேண்டும், நிதியில் ஒரு பங்கும் வெளியீடுகளில் ஆசிரியர் இடமும் அதற்கு உறுதி செய்யப்பட வேண்டும்." ஐஐடியே தலைமை ஏற்கட்டும், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களிடம் கருவி இருக்கிறது, எங்களிடம் ஆறு இருக்கிறது, ஆற்றில் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணூரில் மட்டும் இது உதவும் என்று நினைக்காதீர்கள். தூத்துக்குடிச் சாம்பல் குளத்தையும் நெய்வேலிச் சுரங்கத்து நிலத்தடி நீரையும் யார் ஆராய வந்தாலும் அங்கே ஒரு கல்லூரி பக்கத்திலேயே இருக்கும்.

சிங்கப்பூரில் ஒரு பேராசிரியருக்கு எழுதியிருந்தேன். காக்கா ஆழியின் மாதிரிகளைப் பார்க்க அவருக்கு ஆர்வம் இருக்கிறது, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட்டாய்வுக்கு விண்ணப்பிக்க உங்கள் நிறுவனம் தகுதி உடையதுதானே என்று பதில் மடலின் கடைசி வரியில் கேட்டிருக்கிறார். அவருக்கு என்ன எழுதுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியை ஒருத்தி,
வடசென்னை.

இணைப்பு: இரண்டு பக்கத் திட்ட முன்வரைவு, மாதிரி எடுக்க வேண்டிய இடங்களின் கைவரைபடம் (வரைந்தவர்: மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி).